வாசகர் கேள்வி–பதில்: ஆவிகளை அழைக்கும் ட்ரூயிடுக்கு எந்த ஃபீட்?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை–கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை 2014 விதிகளில் ஆடுகிறோம். என் கதாபாத்திரமான ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆவிகளை அழைக்கும் ஷெப்பர்ட் சர்க்கிள் பிரிவைச் சேர்ந்தவள். விஸ்டம் (மந்திரத் திறன்) 17, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 15. நான்காம் லெவலில் முதல் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுக்க வேண்டும். வார் காஸ்டரா, ரெசிலியன்டா, விஸ்டமை ஏற்றுவதா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: விஸ்டமுக்கு அவசரமே இல்லை. ஐந்தாம் லெவலில் உங்களுக்கு விலங்கு ஆவிகளை வரவழைக்கும் கான்ஜுர் அனிமல்ஸ் மந்திரம் கிடைக்கும். அதில் வரும் ஓநாயின் தாக்குதல் +4, சேதம் 2டி4+2 (இரண்டு நான்முகப் பகடை, கூட 2). இரண்டும் ஓநாயின் சொந்தக் கணக்கு; உங்கள் விஸ்டம் 10 ஆனாலும் 20 ஆனாலும் மாறாது. சம்மன் பீஸ்ட் போன்ற மந்திரங்கள் விதிவிலக்கு. அவற்றில் வரும் ஆவி, விஸ்டமைச் சார்ந்த உங்கள் ஸ்பெல் அட்டாக் எண்ணை வைத்துத்தான் அடிக்கும். அவற்றையே அடிக்கடி போடுகிறவர் என்றால் விஸ்டமை முன்னால் வையுங்கள்.

மற்றபடி காப்பாற்ற வேண்டியது கான்சன்ட்ரேஷன்தான், அதாவது மந்திரத்தை நிலைக்க வைக்கும் கவனம். அது முறிந்தால் எட்டு ஓநாய்களும் ஒரே நொடியில் மறைந்துவிடும், அதற்குச் செலவான மூன்றாம் லெவல் ஸ்லாட்டும் (மந்திரம் போடும் வாய்ப்பு) வீண். அடி வாங்கும்போதெல்லாம் கான்ஸ்டிட்யூஷன் சேவ் போட வேண்டும், அதாவது 20 முகப் பகடையை உருட்டி, கான்ஸ்டிட்யூஷன் தரும் எண்ணைக் கூட்டி இலக்கைத் தொட வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் 15 தரும் +2-வுடன் இலக்கு 10-ஐத் தொட 65 சதவீத வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி சேவ். ஒரே சுற்றில் மூன்று காப்ளின் அம்புகள் பட்டால், மூன்றையும் தாண்டும் வாய்ப்பு 27 சதவீதம்தான். இந்த மந்திரம் பாதிச் சண்டையில் கலைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வார் காஸ்டர் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்க விடுவதால் 65 என்பது 88 ஆகும். ரெசிலியன்டில் கான்ஸ்டிட்யூஷனைத் தேர்ந்தால் 15 என்பது 16 ஆகி, ப்ரொஃபிஷியன்சியும் (லெவலோடு வளரும் தேர்ச்சி எண்) சேரும்: நான்காம் லெவலில் 80, ஐந்தில் 85, ஒன்பதில் 90. அந்த மூன்று அம்புகளை ஐந்தாம் லெவலில் தாண்டும் வாய்ப்பு 61 சதவீதமாக ஏறும். முதலில் வார் காஸ்டர் கொஞ்சம் முந்தினாலும், ரெசிலியன்ட் லெவலுக்கு ஒன்று வீதம் ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) கூட்டும், நஞ்சு போன்ற மற்ற கான்ஸ்டிட்யூஷன் சேவ்களிலும் கைகொடுக்கும். 15 வைத்திருக்கும் நீங்கள் ரெசிலியன்ட் எடுங்கள். 14 என்றிருந்தால் அந்த ஒன்று மாடிஃபையரை (உருட்டலில் கூட்டும் எண்ணை) அசைக்காது. அப்போது வார் காஸ்டர் என்றே சொல்லியிருப்போம்.

ஒரு கையில் கேடயம், மறு கையில் ட்ரூயிடின் கோல் என்று நிற்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கான்ஜுர் அனிமல்ஸுக்குச் சொல்லும் கையசைவும் மட்டும் போதும், பொருள் தேவையில்லை. பொருள் கேட்காத மந்திரத்துக்குக் கோல் பிடித்த கை கணக்கில் வராது. வார் காஸ்டர் இல்லையென்றால் கோலை வைத்துவிட்டு ஒரு கையைக் காலியாக வைத்திருங்கள்.

எட்டாம் லெவலில் ஃபே டச்டு எடுக்கலாம். விஸ்டம் 18 ஆகும், சட்டென இடம் மாறும் மிஸ்டி ஸ்டெப் மந்திரமும் வரும். ஆனால் போனஸ் ஆக்ஷனில் மிஸ்டி ஸ்டெப் போட்ட அதே சுற்றில் கான்ஜுர் அனிமல்ஸ் போட முடியாது, ஸ்லாட் செலவாகாத கேன்ட்ரிப் மட்டும்தான்.

கேள்வி: குழுவில் உள்ள பார்ட் (பாடகர்) இன்ஸ்பயரிங் லீடர் ஃபீட் எடுக்கிறார். என் ஷெப்பர்ட் ட்ரூயிடின் கரடி டோட்டமும் (கரடி ஆவி) தற்காலிக ஹிட் பாயின்ட்தானே தருகிறது, வீணாகாதா?
— வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: தற்காலிக ஹிட் பாயின்ட் ஒன்றோடொன்று கூடாது, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அவருடைய பத்து நிமிடப் பேச்சு அதிகபட்சம் ஆறு பேருக்கு, அதுவும் பேச்சு புரிகிறவர்களுக்கு மட்டும். ஓநாய்களுக்கு உதவாது. எனவே மனிதர்களை அவரிடம் விடுங்கள், கரடியை ஓநாய்களுக்கு வையுங்கள். ஆறாம் லெவலில் மைட்டி சம்மனர் என்ற ஷெப்பர்ட் திறன் வந்தபின் ஓநாயின் 11 ஹிட் பாயின்ட் 15 ஆகும். கரடி தருவது 5 கூட்டல் ட்ரூயிட் லெவல், அதாவது 11. ஆக ஓர் ஓநாய் 26 தாங்கும்.

வரிசை மாறினால் இது கெட்டுவிடும். கரடி ஆவி தோன்றும் அந்தக் கணத்தில் 30 அடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் புள்ளிகள். முதலில் ஆக்ஷனில் ஓநாய்களை வரவழையுங்கள், பிறகு அதே சுற்றின் போனஸ் ஆக்ஷனில் கரடியை. டோட்டம் மந்திரம் அல்ல என்பதால் மேலே சொன்ன தடை இதற்கில்லை.

கேள்வி: எட்டு விலங்குகள் வந்தால் என் முறை முடியவே பத்து நிமிடம் ஆகிறது.
— வாசகர், ஜெயநகர், பெங்களூரு

பதில்: ஒரு ரூபாய் நாணயங்கள் எட்டில் 1 முதல் 8 வரை எண் ஒட்டுங்கள்; அவை ஓர் அங்குலக் கட்டத்துக்குள் அடங்கும். சேதத்தை உருட்டாமல் சராசரி 7 என்று வையுங்கள். பேக் டாக்டிக்ஸ் (கூட்டாளி எதிரியின் அருகில் இருந்தால் இரண்டு பகடையில் பெரியது) இருப்பதால் இரண்டு நிறங்களில் ஜோடி ஜோடியாக 20 முகப் பகடைகளை ஒன்றாக உருட்டிவிடலாம். எந்த விலங்கு வரும் என்பதை ஆட்டத்தை நடத்தும் டிஎம்தான் முடிவு செய்வார், அதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2024 விதிகளுக்கு மாறினால் இந்தக் கணக்கு செல்லுமா?
— வாசகி, கோரமங்களா, பெங்களூரு

பதில்: செல்லாது. புதிய கான்ஜுர் அனிமல்ஸில் தனித்தனி விலங்கு கிடையாது, ஹிட் பாயின்ட்டும் கிடையாது. நகரும் ஒரே ஆவிக் கூட்டம். அதன் 10 அடிக்குள் வரும் எதிரி உங்கள் ஸ்பெல் சேவ் எண்ணை டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவால் தொடாவிட்டால் 3டி10 சேதம். இங்கே விஸ்டம் நேரடியாகப் பேசும். புதிய வார் காஸ்டரும் விஸ்டமில் ஒன்று கூட்டித் தருவதால், 17 வைத்திருப்பவர் நான்காம் லெவலில் அதை எடுத்தால் ஒரே ஃபீட்டில் 18-உம் கான்சன்ட்ரேஷன் பாதுகாப்பும் கிடைத்துவிடும்.