அந்தமான் கப்பலில் பயணி கவனிக்க வேண்டியவை

கேள்வி: சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பங்க் வகுப்பில் செல்கிறோம். வயதான அம்மாவும் பள்ளியில் படிக்கும் மகனும் உடன் வருகிறார்கள். எங்களுக்கு இதுவே முதல் கடல் பயணம். கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? விண்கலக் கதைகளில் வருவதுபோல் கேப்டனிடம் அனுமதி கேட்டுத்தான் ஏற வேண்டுமா என்கிறான் மகன்.

பதில்: மகனின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அனுமதி கேட்டு ஏறுவது போர்க்கப்பல் மரபு; விண்கலக் கதைகள் அதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. கதைகள் மட்டுமல்ல, 2000ஆம் ஆண்டில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சென்ற வில்லியம் ஷெப்பர்ட் கடற்படைக்காரர் என்பதால், அங்கும் ஒரு கப்பல் மணி இடம்பெற்று, புதியவர்கள் வந்து சேரும்போது ஒலிக்கிறது. பயணிகள் கப்பலில் இந்தச் சடங்கெல்லாம் இல்லை. பயணச்சீட்டும் அடையாள அட்டையும் போதும். ஆனால் பிரிட்ஜ் எனப்படும், கப்பலைச் செலுத்தும் அறைக்கு அனுமதியின்றிப் போகக் கூடாது. இரவில் அந்த அறை இருட்டாகவே இருக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஒரு முறை செல்போன் வெளிச்சம் பட்டாலும், தொலைவில் வரும் மீன்பிடிப் படகின் மங்கிய விளக்கு கடலைக் கவனித்தபடி காவலில் இருப்பவருக்குச் சில நிமிடங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கப்பலில் பகலிலும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். காவல் பணி பெரும்பாலும் நான்கு மணி நேர முறைகளாக மாறுவதால், நள்ளிரவு முதல் நான்கு மணி வரை விழித்திருந்தவர் காலையில்தான் கண்ணயர்வார். எனவே சிப்பந்திகளின் கேபின் உள்ள நடைவழியில் உரக்கப் பேசுவதும், கதவை அறைந்து சாத்துவதும் வேண்டாம். பங்க் வகுப்பு என்பது வரிசையாக அடுக்குக் கட்டில்கள் போட்ட பொதுக்கூடம். இயர்போன் இல்லாமல் படம் பார்ப்பவரைப் போலத் தொல்லை தருபவர் அங்கே வேறு யாருமில்லை.

பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைத்தால், சாப்பாட்டை நடுவில் விட்டாவது போய்விடுங்கள். 2012இல் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் விபத்துக்குள்ளானபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, நீண்ட பயணங்களில் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பு. லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு; அதை அதன் இடத்திலேயே விட்டுவைப்பதுதான் முறை.

குப்பை எதையும் கடலில் எறியக் கூடாது. பிளாஸ்டிக்குக்கு எந்தக் கடலிலும் விலக்கில்லை. சிகரெட் துண்டை வீசினால் காற்று அதைக் கீழ்த்தளத்தில் நிற்பவர்மேல் கொண்டுவந்து போடும். வாந்தி வந்தால் காற்று எதிரே வந்து அடிக்கும் பக்கத்துக் கைப்பிடிக் கம்பியருகே நிற்காதீர்கள். உறையைப் பயன்படுத்துவதே நல்லது.

அம்மாவை உயரமான கதவுப்படிகளில் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். கனமான இரும்புக் கதவின் நிலையில் விரல் வைக்கக் கூடாதென மகனிடம் சொல்லிவையுங்கள். கப்பல் சாயும்போது அது தானாகவே மூடிக்கொள்ளும். அம்மாவுக்கு மேல் கட்டில் கிடைத்திருந்தால், கீழே இருக்கும் இளைஞரிடம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் படுத்தவர் எவருக்கும் எழுந்திருக்க மனம் வராது.