முழங்கால் இறுக்கம், வளைந்த நகம், குட்டையான உருவம்: ஆக்‌ஷன் ஃபிகரைச் சோதித்து எழுதுவது எப்படி?

கேள்வி: 1:12 அளவில் (அசல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு), ஆறு அங்குல வகை வுல்வரின் ஆக்‌ஷன் ஃபிகர் (கைகால்களை மடக்கி நிறுத்தக்கூடிய பொம்மை) ஒன்று வாங்கியிருக்கிறேன். கைமுட்டியிலிருந்து மூன்று நீள நகங்கள் நீட்டும் காமிக்ஸ் நாயகன்; மஞ்சளும் நீலமுமான காமிக்ஸ் உடை. அதைப் பற்றி விரிவான விமர்சனம் எழுத ஆசை. ஆனால் பெட்டியைப் பிரித்ததுமே மூன்று சிக்கல். வலது முழங்கால் கல்லாக இறுகிக் கிடக்கிறது. பலமாகத் திருப்பினால் உடைந்துவிடுமோ என்று பயம். இடது கை நகங்கள் மூன்றும் ஒரு பக்கமாக வளைந்திருக்கின்றன. பக்கத்தில் நிற்கும் ஸ்பைடர்மேனைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. மூன்றையும் குறை என்று எழுதலாமா? ஒரு ஃபிகரை முறையாகச் சோதிப்பது எப்படி?

பதில்: முதல் காரியமாக, அந்த முழங்காலை இப்போது திருப்பிப் பார்க்காதீர்கள். கீழே சொல்லும் முறைப்படி சூடேற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே இனம் அல்ல. உயரம் என்பது வடிவமைத்தவர் எடுத்த முடிவு. அந்தப் பெட்டி வாங்கிய எல்லோருக்கும் அதே உயரம்தான். இறுகிய முழங்கால் பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்த ஒரு பிரதியின் உற்பத்திக் கோளாறு. வளைந்த நகம் மென்மையான பிளாஸ்டிக்கின் சுபாவம். பெட்டிக்குள் அழுந்திக் கிடந்ததால் வந்தது. விமர்சனம் படிக்கிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: நான் வாங்கினால் எனக்கும் இது வருமா? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த மூன்றையும் பிரித்து எழுதியாக வேண்டும். “ஜாயின்ட் மோசம், நகம் கோணல், ஆள் குட்டை” என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டால், நல்ல வடிவமைப்பு ஒன்றின் மேல் ஒரு பிரதியின் பழி விழும்.

உயரக் கணக்கு எளிது. கதாபாத்திரத்தின் உயரத்தை 12-ஆல் வகுத்தால் போதும். காமிக்ஸில் வுல்வரின் 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. 12-ஆல் வகுத்தால் 13.3 செ.மீ. ஸ்பைடர்மேன் 5 அடி 10 அங்குலம், 178 செ.மீ.; வகுத்தால் 14.8. வித்தியாசம் சரியாக ஒன்றரை. ஆக, நீங்கள் குறை என்று நினைத்தது அந்த ஃபிகரின் நிறை. பலர் குழம்புவதற்குக் காரணம் சினிமா. 2000-லிருந்து திரையில் வுல்வரினாக நடிக்கும் ஹியூ ஜாக்மேன் 6 அடி 2 அங்குலம். அவரை 1:12-ல் வடித்தால் 15.7 செ.மீ. வரும். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஃபிகர்களுக்குள் 2.4 செ.மீ. வித்தியாசம் வந்தாலும் இரண்டும் சரியாக இருக்கலாம். அதனால் எந்த வுல்வரின், எந்த உயரம் என்பதை விமர்சனத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். “ஆறு அங்குலம்” என்பது வகையின் பெயர். ஒவ்வொரு ஃபிகரின் உயரமும் அதுவே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அளக்கும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும். பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலில் பூச்சியத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்று ஓரம் இருக்கும். அதை அப்படியே மேசையில் ஊன்றி அளந்தால் ஃபிகர் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். இரண்டாவது, வுல்வரின் முகமூடியில் மேல்நோக்கி நீளும் இரண்டு கருப்பு முனைகள். அவற்றைச் சேர்த்து அளந்தால் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறிவிடலாம். கால்களை நேராக்கி நிறுத்தி, மூலைமட்டத்தைச் சுவரோடு ஒட்டி உச்சந்தலைமேல் வைத்து, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து அளப்பதே சரி.

இனி முழங்கால். இந்த வகை ஃபிகர்களில் உடல் மென்மையான பிவிசி பிளாஸ்டிக்காலும், உள்ளே இருக்கும் ஜாயின்ட் துண்டுகள் அதைவிடக் கெட்டியான ஏபிஎஸ் அல்லது பாலிஅசிட்டால் பிளாஸ்டிக்காலும் செய்யப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஜாயின்ட்டின் இடுக்கில் இறங்கிக் காய்ந்தால் அதுவே பசையாகிவிடும். நீங்கள் பாதத்தைப் பிடித்துத் திருப்பும்போது மென்மையான தொடை முறுக்கிக்கொள்ளும். இடுக்கில் ஒட்டிய துண்டு அசையாது. நடுவில் இருக்கும் மெல்லிய ஆணிப்பகுதி அறுந்துவிடும். உடைவதற்கு முன் அது ஓர் எச்சரிக்கை தரும்: முறுக்கப்படும் பிளாஸ்டிக் வெளுக்கும். அந்த வெண்மையைப் பார்த்த கணம் கையை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள். வெப்பமானி இருந்தால் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். முழங்கால் மட்டும் முங்கும்படி ஒரு நிமிடம் பிடியுங்கள். வெளியே எடுத்து, துணியால் ஒற்றி (தேய்க்கக் கூடாது, சூட்டில் பெயின்ட் இளகியிருக்கும்), ஜாயின்ட்டுக்கு மேலும் கீழும் ஒட்டினாற்போல விரல் வைத்துப் பிடியுங்கள். பாதத்தைப் பிடித்தால் நெம்புகோல் நீளமாகி, விசை அளவுக்கு மீறிப் போகும். மடிகிற திசையில் மட்டும், ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் போதும் என்ற எண்ணத்தோடு, முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அசையவில்லையா? மறுபடியும் ஒரு நிமிடம் தண்ணீர். மூன்று நான்கு முறை ஆகலாம். பெயின்ட் பிடி விடும்போது “டிக்” என்று சின்னச் சத்தம் கேட்கும். அதன் பிறகு ஜாயின்ட் சீராக மடியும்.

துணி உடையோ மின்விளக்கோ உள்ள ஃபிகர் என்றால் தண்ணீர் கூடாது. ஹேர் டிரையரைப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்தியபடி அரை நிமிடம் காட்டலாம். ஃப்ரீஸரில் வைக்கும் வைத்தியமும் உண்டு. அது பெயின்ட்டின் பிடியைத் தளர்த்தும் என்றாலும், குளிர்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதால் பரிந்துரைக்க மாட்டோம்.

ஜாயின்ட் விட்ட பிறகும் கரகரப்பு இருந்தால் சுத்தமான சிலிக்கான் ஆயில் ஒரு சொட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு வையுங்கள். ரிமோட் கார்களின் ஷாக் அப்சார்பருக்கு விற்கும் ஆயில் அதுவே. வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும்தான். இரண்டும் வேண்டாம். எண்ணெயும் கொழுப்பும் அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப்பிடித்துத் தூசியையும் இழுக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அப்படியே. நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோன் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைக்கும்.

முழங்காலிலும் முழங்கையிலும் இரண்டிரண்டு கீல் இருந்தால், இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நடுவில் இருக்கும் முட்டித் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அசையாமல் பிடித்து, மேல் கீலை மட்டும் மடக்குங்கள். பிறகு கீழ்க் கீலை. ஒன்று இறுகியிருந்தாலும் மற்றொன்று மடிந்துகொடுத்து அதை மறைத்துவிடும். அவசர விமர்சனங்களில் இது கண்ணில் படாமல் போகிறது. வாங்கியவர் ஒரு மாதம் கழித்துக் குந்தவைக்க முயலும்போது ஜாயின்ட் உடைகிறது.

அசைவின் அளவை “நன்றாக மடிகிறது” என்று எழுதாமல் பாகைமானி வைத்துச் சொல்லுங்கள். ஒற்றைக் கீல் முழங்கை ஏறக்குறைய 90 டிகிரியோடு நிற்கும். இரட்டைக் கீல் 130-ஐத் தாண்ட வேண்டும். முன்கை மேற்கையைத் தொடும் அளவுக்கு வந்தால் மிக நன்று. அதைவிட முக்கியம், அந்தக் கதாபாத்திரத்துக்கே உரிய நிலை வருகிறதா என்பது. வுல்வரின் நிமிர்ந்து நிற்கிற ஆள் இல்லை. முழங்கால் மடங்கி, உடல் முன்னால் சாய்ந்து, தலை மட்டும் எதிரியை நோக்கி நிமிர்ந்திருக்கும். ஆகவே வயிற்று ஜாயின்ட் எவ்வளவு முன்னால் மடிகிறது என்பதோடு, அப்படி மடிந்த நிலையில் கழுத்து எவ்வளவு பின்னால் சாய்கிறது என்று பாருங்கள். முகமூடியின் பின்பக்கம் முதுகில் முட்டினால் ஃபிகர் தரையைத்தான் பார்க்கும். மற்ற எல்லா ஜாயின்ட்டும் பிரமாதமாக இருந்தும் இந்த ஒன்று தவறினால் அது வுல்வரினாக நிற்காது. அப்படிக் கண்டால் தயங்காமல் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இது எல்லாப் பிரதியிலும் இருக்கும் வடிவமைப்புக் குறை. அடுத்து, இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே வந்து நகங்கள் பெருக்கல் குறி போடுகின்றனவா என்று பாருங்கள். தோள்பட்டைக்குள் பட்டாம்பூச்சி ஜாயின்ட் (தோளையே முன்னும் பின்னும் நகர்த்தும் கூடுதல் ஜாயின்ட்) இருந்தால் வரும். வெறும் பந்து ஜாயின்ட் என்றால் மார்பு தடுக்கும்.

இறுக்கத்தின் எதிர்ப்பக்கம் தளர்ச்சி. கையைக் கிடைமட்டமாக நீட்டிப் பத்து நிமிடம் விடுங்கள், இறங்குகிறதா? பிறகு ஸ்டாண்ட் இல்லாமல் கண்ணாடி அல்லது டைல்ஸ் மேல் நிறுத்துங்கள். பின்னால் சுவரில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, உச்சந்தலைக்கு நேரே பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சென்னை, திருச்சி, மதுரைக் கோடையில் மூடிய அலமாரிக்குள் வெக்கை ஏறும்போது மென்மையான கணுக்கால் மெல்லச் சாயும். கோட்டுக்கும் தலைக்கும் இடையில் விழும் இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் எடுத்த அளவு ஏசி இல்லாத வீட்டுக்குப் பொருந்தாது என்பதால், எந்த அறை என்பதையும் எழுத வேண்டும். அதே வெக்கையில் பிவிசிக்குள் இருக்கும் மென்மையூட்டி மேலே கசிந்து, சில ஃபிகர்கள் பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும்.

பெயின்ட்டை முதலில் 30 செ.மீ. தூரத்தில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அலமாரியில் அப்படித்தான் பார்க்கப் போகிறோம். அங்கே தெரியாத பிசிறை 5 செ.மீ. அருகில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பழி சொல்வது நியாயம் இல்லை. இந்த உடையில் பார்க்க வேண்டியது மஞ்சள். மஞ்சள் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த பகுதியும், நீல பிளாஸ்டிக் மேல் மஞ்சள் பூசிய பகுதியும் அடுத்தடுத்து வந்தால் நிறம் ஒட்டாது. பூசிய இடம் மங்கி, லேசாகப் பச்சை கலந்து தெரியும். இடுப்புக்கும் தொடைக்கும் இடையில் பாருங்கள், அங்கேதான் மாட்டும். விலாவின் கருப்புக் கோடுகள் வயிற்று ஜாயின்ட்டைத் தாண்டித் தொடர்கின்றனவா என்பதும் அடுத்த கேள்வி.

போலி இல்லை என்பதை உறுதி செய்துவிட்டுத்தான் எழுத உட்கார வேண்டும். பாதத்தின் அடியிலோ தொடையின் பின்பக்கமோ உரிமைக் குறிப்பு கூர்மையாகப் பதிந்திருக்கும். எழுத்து மழுங்கியிருப்பது, தின்னர் வாடை, ஒரு கால் மற்றதைவிட நீளம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகிக்கலாம்.

விலையைக் கைக்கு வந்த மொத்தச் செலவாக எழுதுங்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. வெளிநாட்டு விலையை மட்டும் பார்த்து “மலிவு” என்று எழுதினால் நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். இலவசமாக வந்த பிரதி என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நகங்கள். வுல்வரினின் கையை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். ஃபிகரோடு சேர்த்து வேலை செய்தால் மணிக்கட்டின் முளை (கையைச் செருகும் சின்ன ஆணி) நோகும். நகங்களை மட்டும் அதே சூட்டுத் தண்ணீரில் 15 முதல் 20 விநாடி. இளகியதும் மூன்றையும் இரண்டு விரலுக்கு நடுவே நேராக வைத்துப் பிடித்து, பிடியை விடாமல் ஐஸ் தண்ணீரில் 30 விநாடி முக்குங்கள். நேராக நிற்கும். ஆனால் வார்க்கும்போதோ பெட்டியில் நெடுநாள் கிடந்தபோதோ பதிந்துபோன வளைவை பிவிசி அவ்வளவு சுலபத்தில் மறக்காது. அதனால் உடனே படமெடுத்து “சரியாகிவிட்டது” என்று எழுத வேண்டாம். ஏழு நாள் கழித்து, ஒரு வெள்ளைத்தாளின் ஓரத்தோடு நகத்தை ஒட்டிப் பாருங்கள். நேராகவே இருந்தால், பெட்டி அழுத்திய வளைவு, சுடுதண்ணீரில் போய்விடும் என்று எழுதலாம். மறுபடி வளைந்திருந்தால் அந்த பிளாஸ்டிக் இவ்வளவு மெல்லிய நகத்துக்குப் போதாது. அப்போது அது எல்லோருக்கும் வரக்கூடிய குறை என்று, இரண்டு படங்களையும் தேதியோடு போட்டு எழுதுங்கள்.