கேப் டவுனில் ஓட்டுநருடன் அரைநாள் ஒயின் சுவைப்புப் பயணம்: பணத்துக்குத் தகுமா, நாமே கார் ஓட்டிப் போகலாமா?

கேள்வியில் நீங்கள் கேட்டிருப்பது இது: கேப் டவுனில் மூன்று நாள் தங்குகிறீர்கள், அதில் அரைநாளை ஸ்டெல்லன்போஷ் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஒதுக்க எண்ணுகிறீர்கள், ஓட்டுநருடன் கூடிய தனி வண்டிக்குக் கொடுக்கும் பணம் தகுமா, அங்கேயும் நம்மைப் போல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் வாடகைக் கார் எடுத்து நாமே போய்விடலாமா, போவதென்றால் காலையா பிற்பகலா? கணவனும் மனைவியுமாகப் போகிறீர்கள் என்றும், இருவரில் ஒருவர் குடிக்காதவர் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் அப்படித்தான் போனோம்.

தகும் என்பதே என் பதில். ஆனால் விளம்பரங்கள் சொல்லும் காரணத்துக்காக அன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் குடியை ஆதரிப்பவன் அல்லன். டாஸ்மாக் வாசலில் என்ன நடக்கிறது என்பதை முப்பது ஆண்டுகள் வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சம்பளம் வரவான அன்றே கணக்கைத் துடைத்து எடுப்பவர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். நம்மூரில் 'ஒயின் ஷாப்' என்று சொல்லப்படும் கடைக்குள் ஒயினைவிட மற்றதெல்லாம்தான் அதிகம் விற்கும் என்பதால், ஒயின் சுவைக்கப் போனேன் என்று சொன்னதுமே உறவினர்கள் முகம் மாறுவதையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் நான் கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே திராட்சைதான். "திராட்சைத் தோட்டத்தில் பிறந்தவன் விமானம் ஏறிப்போய், காசு கொடுத்துத் திராட்சைத் தோட்டம் பார்த்தானாம்" என்று என் பெரியப்பா மகன் இன்றும் எல்லா விசேஷ வீட்டிலும் சொல்லிச் சிரிக்கிறார். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது இடப்பக்கக் கணக்குக்கு வருவோம். எங்கள் மாப்பிள்ளையும் இதைத்தான் சொன்னார்: "மாமா, நம்மூர் மாதிரியே இடப்பக்கம்தான், என் காரை எடுத்துக்கொண்டு போங்கள், ஐம்பது கிலோமீட்டர்தான்." சாலையைப் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் ஒரு தோட்டத்தில் வழக்கமாக ஐந்து ஒயின்கள் ஊற்றித் தருவார்கள், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மில்லி இருக்கும். ஐந்தையும் விழுங்கினால் ஏறக்குறைய 150 மில்லி, மூன்று தோட்டங்களில் 450 மில்லி. அதாவது 750 மில்லி புட்டியில் பாதிக்கு மேல். அங்கத்திய சிவப்பு ஒயின்களில் ஆல்கஹால் 14 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், உடலுக்குள் போவது கிட்டத்தட்ட 50 கிராம் ஆல்கஹால். தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் என்பது வரம்பு. தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம்தான். அறுபது, அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் இதைக் குடித்துவிட்டு மூன்று மணி நேரத்தில் காரை எடுத்தால் வரம்பைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் துப்பிவிடலாமே என்பார்கள். சுவைப்பு மேசையில் துப்புவதற்கென்றே குவளை வைத்திருப்பார்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் உண்ணும் பொருளைத் துப்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அது முதல் நாளிலேயே கைவருவதில்லை. குடிக்காத மனைவி ஓட்டலாம் என்பது இன்னொரு யோசனை. அறிமுகமில்லாத மலைப்பாதையில் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நாம் பக்கத்தில் அமர்ந்து சுவையை விவரித்துக்கொண்டு வருவது எந்த ஊர் நியாயம்?

கட்டணத்தைப் பொறுத்தவரை, கேட்க வேண்டியவை சிலவே. சொல்லப்படும் தொகை வண்டிக்கா, தலைக்கா? தோட்டங்களில் வாங்கும் சுவைப்புக் கட்டணம் அதில் அடக்கமா, தனியா? எங்களுக்குத் தனி; அதை இரண்டாவது தோட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். அரைநாள் என்பது வீட்டு வாசலில் ஏறும்போதே தொடங்கிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். நான்கு அல்லது ஐந்து மணி நேரத்தில் போக வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சாலைக்கே போய்விடும். இறுதியில் ஓட்டுநருக்குப் பத்து விழுக்காடு அளவில் அன்பளிப்புத் தருவது அங்கே வழக்கம்.

இனி அந்த ஓட்டுநரைப் பற்றி. முந்தைய இரவு வாட்ஸாப்பில் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் வந்தன. முதற்பெயருக்குப் பின்னால் ஒரு மாதத்தின் பெயர் இருந்தது. நாங்கள் போக இருந்ததோ பிப்ரவரி, அந்த மாதம் அன்று. பதிவில் தேதி மாறிவிட்டது என்று முடிவு கட்டி, இரவு ஒன்பது மணிக்கு அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, "நாங்கள் வருவது நாளைக்கு, அந்த மாதத்தில் அல்ல" என்று சற்றுக் குரலை உயர்த்தியே பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக, அது அவருடைய குடும்பப் பெயர் என்றார். மறுநாள் காலையில் ஓட்டுநரிடமே இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "எல்லா சுற்றுலாப் பயணிகளும் கேட்பார்கள், அங்கிள்" என்றார். அங்கே வயதில் மூத்தவர்களை அங்கிள், ஆன்ட்டி என்று அழைப்பது நம்மூர் போலவே இயல்பானது.

முதலில் போனது ஸ்டெல்லன்போஷுக்கு வடக்கே உள்ள சைமன்சிக். 1971-இல் ஷாம்பெய்ன் முறையில், புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்து, அந்நாட்டில் முதன்முதலாக ஒயின் செய்த இடம் அது. அந்த ஒயினின் பெயர் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'காப்ஸ ஃபோங்கல்', கேப் என்னும் அந்தப் பகுதியின் மினுக்கு என்று பொருள். ஊற்றிய பெண் பெயரைச் சொன்னதும் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "பொங்கலா?" என்றாள். கோப்பையில் நுரை பொங்கிக்கொண்டிருந்ததால் நானும் மறுக்கவில்லை. அதே 1971-இல்தான் சைமன்சிக், ஸ்பியர், டெல்ஹெய்ம் ஆகிய தோட்டங்களைச் சேர்ந்த மூவர் முன்னின்று, பயணிகள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சுவைப்பதற்கான ஸ்டெல்லன்போஷ் ஒயின் தடத்தைத் தொடங்கினார்கள் என்பதை ஓட்டுநர் வழியில் சொன்னார். இதற்கு முன் ஒயின் என்றால் கிறிஸ்துமஸ் கேக்கோடு வரும் இனிப்புத் திரவம் என்று நினைத்திருந்த எனக்கு, இது பச்சை ஆப்பிளைக் கடித்தாற்போல் புளித்தது, பிடித்துவிட்டது.

அங்கிருந்து கிளம்பியதும் ஓட்டுநர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, அறுவடை முடிந்த ஒரு வரிசையைக் காட்டினார். எங்கள் ஊரில் திராட்சையைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல் போட்டிருப்போம். இங்கே குனிய வேண்டியிருந்தது. கொடிகள் இடுப்பு உயரக் கம்பியில் வேலி போல் நின்றன. வெட்டுக்குத் தப்பிய ஒரு சிறு கொத்திலிருந்து இரண்டு பழங்களை அவர் பறித்துக் கொடுத்தார். பினோட்டாஜ் என்னும் வகை. 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பெரோல்ட் என்னும் பேராசிரியர் பினோ நுவார், சின்சோ என்னும் இரண்டு திராட்சை வகைகளை இணைத்து உருவாக்கியது. பழம் சிறியது, தோல் தடித்தது, விதை உண்டு. இனிப்போ பன்னீர் திராட்சையைவிடக் கூடுதல். தோலை மெல்ல மெல்ல நாக்கு வறண்டது. அந்தத் தோல்தான் ஒயினுக்கு நிறத்தையும் பிடிப்பையும் தருகிறது என்றார். கவாத்து எப்போது, ஆண்டில் எத்தனை அறுவடை என்று நான் கேட்டேன். குளிர்காலத்தில் ஒரு கவாத்து, ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் ஒரே அறுவடை. எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் அறுவடை உண்டு என்றதும் நம்ப முடியாதவராகத் தலையை ஆட்டினார். நானே ஓட்டிப் போயிருந்தால் ஏதோ ஒரு வயலைக் கடந்து போயிருப்பேன், அவ்வளவுதான்.

இரண்டாவது தோட்டத்தில் என் மனைவிக்குத் திராட்சைச் சாறுகளையே ஒயின் போல் வரிசையாக ஊற்றித் தந்தார்கள். இந்த வசதி பல தோட்டங்களில் உண்டு, முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. ஆனால் சைவம் என்று பதிவிலேயே எழுதியிருந்தும், பாலாடைக்கட்டித் தட்டில் பில்டோங் என்னும் உலர்ந்த இறைச்சித் துண்டுகள் வந்தன. எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது என் மனைவி கையையே நீட்டவில்லை. கண்டிப்பான சைவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவையோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளையோ பயன்படுத்துகிறார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். கேட்காமலே சைவம் என்று நினைத்துக் குடித்தவன் நான்.

அங்கே வெள்ளை முகப்பு வைத்த பழைய டச்சு வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு மணி தொங்கியது. அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அடிமைகளை வேலைக்கு எழுப்பும் மணி அது என்று ஓட்டுநர் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, தம் பெயரின் கதையையும் சொன்னார். கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் பலருக்கு உடைமையாளர்கள் மாதத்தின் பெயரை வைத்துவிடுவார்கள். சிலருக்கு வந்த இடத்தின் பெயரை வைப்பார்கள். முந்தைய நாள் கேப் டவுனில் ஸ்லேவ் லாட்ஜ் அருங்காட்சியகத்தில் வங்காளம், மலபார், கோரமண்டல் என்று ஊர்கள் எழுதியிருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரைதான். நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டபோது அதைச் சொன்னேன். "இடத்தின் பெயர் கிடைத்தவர்களுக்கு எங்கிருந்து வந்தோம் என்றாவது தெரியும், அங்கிள். எங்களுக்கு மாதம் மட்டும்தான் தெரியும்" என்றார். காலையில் நான் சிரித்த சிரிப்பு அப்போது நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். மூன்றாவது தோட்டத்தை விட்டுவிடுவோம், ஹெல்ஷூக்தே கணவாயைத் தாண்டினால் ப்னீல் இருக்கிறது, அது தம் ஊர், அங்கே ஆற அமரத் தேநீர் குடிக்கலாம் என்று அவர் சொன்னார். நானோ மூன்று தோட்டங்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்றேன். வங்கிக்காரன் புத்தி. கணவாய்க்கு அருகில் இருந்த மூன்றாவது இடத்தில் ஒரு பேருந்துக் கூட்டம் எங்களுக்கு முன்னால் இறங்கியிருந்தது. ஐந்து கோப்பைகளையும் ஒரே நேரத்தில் வரிசையாக ஊற்றி வைத்துவிட்டுப் போனார்கள், இருபத்தைந்து நிமிடம், எது எது என்று சொல்ல ஆளில்லை. ஏற்கெனவே பத்து ஒயின்களை விழுங்கியிருந்த என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவும் இல்லை. அங்கே என்ன குடித்தேன் என்று இன்று கேட்டால் துப்பும் குவளையின் நிறம்தான் நினைவிருக்கிறது. செம்பு நிறம்.

ப்னீலில் நின்றது பத்து நிமிடம். அடிமை முறை 1834-இல் சட்டப்படி ஒழிந்து, அதன் பிறகும் நான்கு ஆண்டுகள் 'பயிற்சி' என்ற பெயரில் அதே பண்ணைகளில் உழைத்து, விடுதலையானவர்களுக்காக 1843-இல் உருவான கிறித்தவ மிஷன் கிராமம் அது. சிறிய வெள்ளை வீடுகள், பின்னால் மலை. தம் தாத்தா பக்கத்துப் பண்ணையில் வேலை செய்ததையும், கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஒரு நாளைக்குப் பலமுறை தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்ததையும் ஓட்டுநர் காரில் இருந்தபடியே சொன்னார். 'டாப்' என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்த பிறகும் அது நெடுங்காலம் ஒழியவில்லை, குடிநோயையும் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளையும் விட்டுச் சென்றது. ஒயின் தோட்டங்களுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் அந்த மனிதர் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. கேட்க நிறைய இருந்தது. நேரம் முடிந்துவிட்டது, நிறுவனத்திலிருந்து அடுத்த பதிவுக்கு அழைப்பு வந்துவிட்டது.

ஆகவே பதிவு செய்யும்போது இரண்டு தோட்டங்கள் போதும் என்று எழுதிவிடுங்கள். மூன்றாவதற்குரிய நேரத்தை ஓட்டுநரின் விருப்பப்படி செலவிடலாம் என்றும் எழுதுங்கள். எல்லா ஓட்டுநரும் இவரைப் போல் இருப்பாரா என்று கேட்டால் அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது; சிலர் வண்டியில் அமர்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொன்னார்கள். அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஓட்டுநர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. பேச்சே வேண்டாம், தோட்டம் தோட்டமாக இறங்கி ஏறினால் போதும் என்பவர்களுக்குப் பக்கத்து ஊரான ஃபிரான்ஷூக்கில் ஒயின் டிராம் ஓடுகிறது; அதற்குச் செலவும் குறைவு.

காலையா பிற்பகலா என்றால், காலை. பிப்ரவரியில் பகல் ஒரு மணிக்கு மேல் தோட்டத்தில் நிற்க முடியாத வெயில். சுவைப்பு அறைகள் பெரும்பாலும் பத்து மணியளவில் திறக்கின்றன, பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன் ஊற்றுபவருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்கும். காலை உணவை வயிறு நிறைய உண்டுவிட்டுக் கிளம்புங்கள். புட்டி வாங்கினால் இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. மனைவி குடிக்காவிட்டாலும் அவருக்கும் தனியாக அந்த 2 லிட்டர் உண்டு. நாங்கள் இரண்டு காப்ஸ ஃபோங்கல் கொண்டுவந்தோம். ஒன்று பெரியப்பா மகனுக்குப் போனது.