ஃபின்னிஷில் ‘உள்ளே’, ‘மேலே’ சொல்வது எப்படி?

கேள்வி: ஃபின்னிஷ் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலத்தைப் போலப் பெயருக்கு முன்னால் வைக்கும் இடச்சொற்கள் இதில் மிகக் குறைவு, பதிலுக்கு 15 வேற்றுமைகள் என்கிறார்கள். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்று எப்படித்தான் சொல்வது?

பதில்: பயப்படாதீர்கள், தமிழ் தெரிந்த உங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்கு என்கிறோம். முன்னால் எதையாவது வைக்கிறோமா? அவர்களும் கடைசியில்தான் ஒட்டுகிறார்கள். தலோ என்றால் வீடு. தலோஸ்ஸா வீட்டில், தலோஸ்தா வீட்டிலிருந்து, தலோன் வீட்டுக்குள்.

அந்த 15-இல் இடத்துக்கென்று முக்கியமாக இருப்பவை ஆறுதான். மூன்று உட்புறத்துக்கு, மூன்று மேற்பரப்புக்கும் பக்கத்துக்கும். பெட்டியில் பணம், நாற்காலியில் பூனை, இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. அவர்கள் பிரித்துவிடுவார்கள். துவோலி என்றால் நாற்காலி. பூனை துவோலில்லா உட்காரும், துவோலில்தா இறங்கும், துவோலில்லே ஏறும். நாற்காலிக்கு அடியில்? நம்மைப் போலவே பின்னால் ஒரு சொல்: துவோலின் அல்லா.

இப்போது எச்சரிக்கை. ஆங்கில இடச்சொல்லுக்கு நேராக ஒரு உருபைப் போட்டு அட்டவணை விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். ‘ஒரே மாதத்தில் 15 வேற்றுமை’ என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளும் அதே சரக்குதான். உருபுகளின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்யவைத்து, அதையே தேர்வில் கேட்கும் முறையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு வாக்கியம் பேசவைக்காமல் எத்தனை பேரை ஓடவைத்துவிட்டார்கள்!

அந்த அட்டவணை கைவிடும் இடம் ஒன்று உண்டு, அதைக் கவனியுங்கள். ‘போனை வீட்டில் மறந்துவிட்டேன்’ என்போம். ஃபின்னிஷில் ‘வீட்டுக்கு மறந்துவிட்டேன்’. ‘வீட்டில் தங்கிவிட்டேன்’ என்பதும் ‘வீட்டுக்குத் தங்கிவிட்டேன்’தான். போன் நகரவே இல்லையே என்று தோன்றும். ஆனால் அவர்கள் பார்ப்பது பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை. திருப்பிப் பாருங்கள்: சாவியைப் பையில் கண்டுபிடிப்பதில்லை, பையிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். சாவி அங்கிருந்து உங்கள் கைக்கு வருகிறதல்லவா? கடையில் வாங்குவதும் ‘கடையிலிருந்து’தான்.

அதனால் நோட்டில் ஒரு வினைச்சொல்லை எழுதும்போதே, அது ‘இல்’ கேட்கிறதா, ‘இலிருந்து’ கேட்கிறதா, ‘க்கு’ கேட்கிறதா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறப்பது, தங்குவது, கண்டுபிடிப்பது, வாங்குவது, இந்த நான்கில் தொடங்கலாம்.