வலி நின்ற பல்லுக்கும் வேர் சிகிச்சை தேவையா?
பல் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 47. கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப்பல்லில் ஆனி மாதம் தாங்க முடியாத வலி வந்தது. பகலில் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். இரவில் தலையணையில் தலை வைத்தாலே தெறிக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பல் மருத்துவர், சொத்தை நரம்பு வரை போய்விட்டது, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தாக வேண்டும் என்றார். மகள் கல்யாணச் செலவு இருந்ததால் மாத்திரை மட்டும் எழுதி வாங்கி வந்தேன். வலி அடியோடு நின்றுவிட்டது. இப்போது அந்தப் பல்லின் அடியில், ஈறில் மிளகளவு கொப்புளம் ஒன்று வருவதும் உடைவதும் மறுபடி வருவதுமாக இருக்கிறது. வலியே இல்லாத பல்லுக்கு இந்தச் செலவு அவசியமா? தை மாதம் வரை பொறுக்கலாமா?
– எஸ்.கே., திண்டுக்கல்

பதில்: தை வரை பொறுக்க வேண்டாம்; இந்த வாரமே போய்க் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது ஆனி மாதத்து வலியன்று, அது தானாக நின்றுபோனதுதான்.

பல்லின் நடுவே பற்கூழ் என்ற மென்மையான பகுதி இருக்கிறது. நரம்பும் இரத்தக்குழாய்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. உடலில் பெரும்பாலான இடங்களில் கிருமி புகுந்தால் அந்த இடம் வீங்கிக்கொள்ள வழியுண்டு. பற்கூழைச் சுற்றி நாற்புறமும் கெட்டியான சுவர் என்பதால் வீங்க இடமின்றி அழுத்தம் ஏறுகிறது. படுக்கும்போது தலைக்குச் செல்லும் இரத்தம் கூடி, அந்த அழுத்தம் இன்னும் அதிகரிப்பதால்தான் இரவில் உங்களுக்கு வலி தெறித்தது. இந்த நிலை நீடித்தால் உள்ளே இரத்த ஓட்டம் நின்று, பற்கூழ் முழுவதும் செத்துவிடும். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே செத்த பிறகு வலி எங்கிருந்து வரும்? செத்தது நரம்புதானே தவிர, கிருமிகள் அல்ல. அழுகிய கூழையே உணவாகக் கொண்டு அவை பெருகி, வேர்நுனியில் உள்ள நுண்துளை வழியே தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. உடல் அவற்றோடு போராடும் போராட்டத்தில் வேர்நுனியைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் இது கருநிழலாகத் தெரியும். அங்கு சேர்ந்த சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் வாய்தான் நீங்கள் பார்க்கும் கொப்புளம். சீழ் கசிந்துகொண்டே இருப்பதால் வலி தெரியவில்லை. அந்த வாய் அடைபட்டால் ஓரிரு நாட்களில் கன்னம் வீங்கிவிடலாம்.

கீழ்க் கடைவாய்ப்பற்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் வாயின் அடித்தளமாக அமைந்த தசைக்கும் கீழே இருப்பதால், சீழ் உட்பக்கமாக உடைத்துக்கொண்டால் நேராகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் இறங்கிவிடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே லுட்விக் ஆஞ்சைனா என்று வழங்கும் நோய் இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது (இதய வலியைக் குறிக்கும் ஆஞ்சைனாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை). தாடைக்கு அடியில் இரு பக்கமும் மரக்கட்டைபோல் இறுகி வீங்க, நாக்கு மேலும் பின்னும் தள்ளப்பட்டு மூச்சுவழி அடைபடும். ஆன்டிபயாடிக் மருந்துகள் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று இது அரிது. அரிது என்பதால் வராது என்றிருக்க முடியாது. வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, குரல் மாறினாலோ, பல் கிளினிக் திறக்கும் வரை காத்திராமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூச்சு விடவே சிரமம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போட்டால் செலவு மிச்சமாகாது. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியோ பல் இரண்டாகப் பிளந்தோ போனால் பிடுங்குவதைத் தவிர வழியிராது. அதன்பின் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) அல்லது பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்ட செயற்கைப் பல்) வைப்பதற்கு வேர் சிகிச்சையைவிட அதிகமாகவே ஆகும். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவையோ அணுகலாம். கல்லூரியில் சில முறை கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர அங்கே குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: பல் வலி வரும்போதெல்லாம் என் கணவர் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி நான்கு நாள் சாப்பிடுகிறார், சரியாகிவிடுகிறது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதனால் கெடுதல் உண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உண்டு. மாத்திரையில் உள்ள மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் கிருமி இருக்கும் இடத்தைச் சென்றடைய வேண்டும். பற்கூழ் செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. வெளியே பரவிய கிருமியைத்தான் மருந்து அடக்குகிறது. உள்ளே இருப்பது அப்படியே இருந்து, மீண்டும் கிளம்புகிறது. சர்க்கரை நோயாளிக்கு இது இருபுறமும் அடி: கிருமித் தொற்று இருக்கும் வரை சர்க்கரை அளவு கட்டுக்குள் வர மறுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை தொற்று ஆறாது. சர்க்கரை குறைந்த பிறகு பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். சீழ் பிடித்த பல்லுக்கு அந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவரைப் பார்க்கும் சர்க்கரை மருத்துவரைக் கலந்துகொண்டு இரண்டையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். கன்னத்துக்கு வெளியே சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கும் பழக்கமும் வேண்டாம், அது ஈறைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: வேர் சிகிச்சையில் இரண்டு முறை சென்று வந்தேன். வலி போய்விட்டதால் பிறகு போகவில்லை. எட்டு மாதமாகிறது, தற்காலிகமாக அடைத்த சிமென்ட் பாதி விழுந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?
– ஆர்.எம்., காரைக்குடி

பதில்: விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, வேர்க்கால்வாய்களை (வேருக்குள் பற்கூழ் இருந்த நுண்குழாய்களை) திரும்பவும் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாங்கும். அது விழுந்ததும் எச்சிலோடு கிருமிகள் மறுபடி உள்ளே சென்றிருக்கும். கால்வாயை நிரப்பி முடித்த பிறகும், கடைவாய்ப்பல்லாக இருந்தால் அதன்மேல் கேப் (பல்லை மூடும் உறை) போட்டுக்கொள்ளுங்கள். உட்புறம் குடையப்பட்ட பல் முறுக்கும் சீடையும் கடிக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடுகிறது. அப்படிப் பிளந்த பல்லோடு வருகிறவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: மேல்வரிசைப் பல்லில் வேர் சிகிச்சை செய்தால் கண் பார்வை குறையும் என்று என் மாமியார் தடுக்கிறார்.
– வி.எல்., தஞ்சாவூர்

பதில்: குறையாது. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஆனால், மேல்பல்லில் பிடித்த சீழைக் கவனிக்காமல் விட்டால், அது மேல்தாடை எலும்புக்குள் உள்ள சைனஸ் என்ற காற்றறைக்குப் பரவி, ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வடியச் செய்யலாம். மிக அரிதாகக் கண்குழி வரைக்கும் செல்லலாம். உங்கள் மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, எக்ஸ்ரேயை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள். இமை வீங்கினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.