நொய்யல் கரைத் தோட்டத்தில் உப்புத் தண்ணீர்: ஜிப்சம் போடலாமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே 4 ஏக்கர் தென்னை. கிணற்றுத் தண்ணீர்தான், சொட்டுநீரில் விடுகிறேன். ஓலை நுனி கருகுகிறது, குரும்பை கொட்டுகிறது. தொட்டித் தண்ணீரில் மாடு வாய் வைப்பதில்லை. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எத்தனை மூட்டை போடலாம்?

பதில்: மூட்டைக் கணக்கு அப்புறம். உங்கள் மண் உவரா (உப்பு மிகுந்தது), களரா (சோடியம் மிகுந்தது) என்று தெரியாமல் ஜிப்சம் வாங்காதீர்கள்.

நொய்யலில் உப்பு சேர்ந்தது திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவால். துணியில் சாயம் பிடிக்க சோடியம் குளோரைடையோ சோடியம் சல்பேட்டையோ நிறையக் கலப்பார்கள். கழிவில் நிறத்தை எடுத்துவிடலாம், உப்பு லேசில் போகாது. 1992இல் கட்டிய அந்த அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளுக்கு ஊறியது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே இறங்கிய உப்பை எந்த உத்தரவும் வெளியே எடுக்காது. மழைதான் எடுக்க வேண்டும்.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, நிரப்பி, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மண்ணை ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று தனித்தனியாக எடுங்கள். பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.5க்கு மேல் போய், சோடியமும் மிகுந்திருந்தால் களர். அப்போது ஜிப்சம் வேலை செய்யும், அதுவும் வடிகால் இருந்தால். பி.எச். குறைவாக இருந்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மட்டும் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் என்றால் வெறும் உவர். அதற்கு ஜிப்சம் போடுவது வீண் செலவு.

சொட்டுநீரில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். கோடை முடிந்து முதல் தூறல் விழும்போது அது கரைந்து வேருக்கே திரும்பிவிடும். எல்லோரும் மழை வந்ததும் மோட்டாரை நிறுத்துகிறோம். தூறல் மட்டும் என்றால் நிறுத்தாதீர்கள், நல்ல மழை பிடிக்கும் வரை ஓடட்டும். வட்டப்பாத்தியில் மட்டை மூடாக்கு போடுங்கள். மழைக்காலத்தில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

குரும்பை கொட்டுவதை முழுக்கச் சாயத்தண்ணீர் மேல் போட முடியாது. போரான் குறைந்தாலும், வறட்சியிலும் கொட்டும்.

மாட்டுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டாதீர்கள், சினை மாட்டுக்கும் கறவைக்கும் கட்டாயம் வேண்டாம். மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஊராட்சிக் குழாய்த் தண்ணீர். கிணற்றில் திடீரென நிறமோ நாற்றமோ தெரிந்தால் தேதி போட்டுப் படம் எடுத்து, பரிசோதனைச் சீட்டோடு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.