சைக்ளிக் ஏஎம்பி: ஒரு மாணவியின் இரண்டு கேள்விகள்

அன்புள்ள ஐயா,

நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவி. எங்கள் ஆய்வகத்தில் வளர்ப்புச் செல்களுக்கு, செல்லுக்குள் சேதி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் மாற்று வடிவமான டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி சேர்க்கிறோம். சாதாரண சைக்ளிக் ஏஎம்பியையே ஏன் சேர்க்கக் கூடாது என்று கேட்டால், "செய்முறையில் அப்படித்தான் இருக்கிறது" என்கிறார்கள். இன்னொன்று: சைக்ளிக் ஏஎம்பி இதயத் தசையை வலுவாகச் சுருங்க வைக்கிறது, மூச்சுக்குழல் தசையையோ தளர்த்துகிறது என்று படித்தேன். ஒரே பொருள் எப்படி இரண்டையும் செய்யும்?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

"செய்முறையில் அப்படித்தான் இருக்கிறது" என்ற பதிலோடு நின்றுவிடாமல் கேட்டீர்களே, அதற்கு முதலில் என் மகிழ்ச்சி.

செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுகளில் இரண்டு கழன்றுபோக, மிஞ்சிய ஒன்று ரைபோஸ் சர்க்கரையின் 3, 5 ஆகிய இரு கார்பன்களையும் பிடித்துக்கொண்டு வளையமாகிறது. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. அந்த பாஸ்பேட்டில் எதிர்மின்சுமை உண்டு. கொழுப்பாலான செல் சவ்வு அதை எளிதில் உள்ளே விடாது. தப்பித்தவறி நுழைந்ததையும் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி, வளையத்தை அறுத்து வெறும் ஏஎம்பி ஆக்கிவிடும். இரண்டு பியூட்டிரில் தொகுதிகளைச் சேர்த்தால் மூலக்கூறு சவ்வைக் கடக்கிறது, நொதிக்கும் எளிதில் அகப்படுவதில்லை. 8-புரோமோ சைக்ளிக் ஏஎம்பியும் இதே நோக்கத்தில் உருவானதுதான்.

மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களில் டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பியைச் சேர்த்துவிட்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தட்டையாகப் பரந்து கிடந்த செல்கள் சில மணி நேரத்தில் உடலைச் சுருக்கி, மெல்லிய கைகளை நீட்டி, நட்சத்திர வடிவத்துக்கு வந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. செல்லுக்குள் போனதும் நாம் ஒட்டிய பியூட்டிரில் தொகுதி பியூட்டிரேட்டாகப் பிரிந்து வெளிப்படும். அது தன்னளவில் சும்மா இருப்பதில்லை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகளைத் தடுத்து, மரபணுக்களின் செயல்பாட்டையே மாற்றும். செல்லில் இயல்பாக இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி மைக்ரோமோலார் அளவு. நாம் ஊற்றுவதோ பெரும்பாலும் அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய அலகான மில்லிமோலார் அளவு. அப்போது வரும் பியூட்டிரேட்டும் கொஞ்சமல்ல.

இரண்டாவது கேள்விக்கு சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி ஏர்ல் சதர்லாந்திடம் போக வேண்டும். கல்லீரலில் அட்ரினலின் என்ற ஹார்மோன், சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனை எப்படி உடைக்கிறது என்று 1950-களில் அவர் தேடினார். அரைத்த கல்லீரலின் சவ்வுத் துண்டுகளோடு அட்ரினலினைச் சேர்த்து, பின் கொதிக்க வைத்தார். புரதங்கள் செயலிழந்த அந்தத் திரவத்தை, சவ்வு நீக்கிய இன்னொரு கல்லீரல் சாற்றில் விட்டபோதும் கிளைகோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. வெப்பத்தைத் தாங்கிய அந்தச் சிறு பொருள்தான் சைக்ளிக் ஏஎம்பி. 1971-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அட்ரினலின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே சேதி சொல்வது சைக்ளிக் ஏஎம்பி. அந்தச் சேதியும் "ஆள் வந்திருக்கிறார்" என்ற அளவுதான். புரத கைனேஸ் ஏ என்ற நொதியை அது கட்டவிழ்த்துவிடுகிறது; அந்த நொதி எதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டும் என்பது அந்தந்தச் செல்லில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதயத்தில் கால்சியம் வாயில்கள் அதிகம் திறக்கின்றன, துடிப்பு வலுக்கிறது. மூச்சுக்குழலில் கால்சியம் குறைகிறது, சுருக்கத்தைத் தூண்டும் நொதியும் அடங்குகிறது, தசை தளர்கிறது. ஆஸ்துமாவுக்கு, அட்ரினலினைப் போலவே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் சால்பியூட்டமால் மருந்தை இழுத்தவருக்கு மூச்சு லேசாகும்போதே நெஞ்சு படபடப்பது இதனால்தான்.

சேதியை உரிய நேரத்தில் நிறுத்துவதும் சேதியின் ஒரு பகுதி; நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். காலரா நச்சு, சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் நொதியின் விசையை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது. குடல் செல்களில் அது ஏறிக்கொண்டே போக, குளோரைடு வெளியேறுகிறது, பின்னாலேயே நீரும் கொட்டுகிறது.

அடுத்த முறை சோடியம் பியூட்டிரேட் மட்டும் சேர்த்த தட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் செல்லையே சைக்ளிக் ஏஎம்பி தயாரிக்கத் தூண்டும் ஃபோர்ஸ்கோலினோடு இன்னொன்று. மூன்றிலும் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.